அப்பாவுக்காக ஒரு தீம் பார்க் பயணம்

டிராவல்ஸ் ஆபீஸில் ராத்திரி டூட்டி பார்க்கிறவன் ஊரில் பாதிப் பேரை ஊட்டிக்கும் கொச்சிக்கும் அனுப்பி வைத்திருப்பான். அவன் போன தூரம் என்னவோ எதிரே இருக்கும் டீக்கடை வரைக்கும்தான். தென்காசியை ஒட்டிய மேலகரத்தில் எங்கள் ஆபீஸ் பொழுது சாயும்போது திறந்து, வேன்கள் எல்லாம் கிளம்பிப் போனபிறகு மூடும். பிள்ளை தூங்கின பிறகுதான் பெற்றவர்களுக்கு ஊர் சுற்றும் ஆசை வரும் என்பது இந்தத் தொழிலில் முதல் பாடம். அப்போது வாட்ஸ்அப்பில் ஒரு 'ஹாய்' வரும். அந்த 'ஹாய்'க்குப் பதில் சொல்வதுதான் என் பிழைப்பு.

பள்ளிக்கூடம் பத்தாவதோடு என்னைக் கைவிட்டது. மலையாளம், செங்கோட்டை பஸ் ஸ்டாண்டில் கேரளா பஸ்களின் போர்டைப் பார்த்து நானாகப் படித்தது. இங்கிலீஷ், லாட்ஜ்காரர்கள் எழுதி வைக்கும் விதிமுறைகளைப் படித்துப் படித்து வந்தது. அதனால் என் இங்கிலீஷில் எந்த வாக்கியத்தை ஆரம்பித்தாலும் 'அனுமதி இல்லை' என்றுதான் போய் முடியும். இரண்டு வயதுப் பிள்ளையை வைத்துக்கொண்டு ஒரு பயணத்துக்கு ஏற்பாடு செய்து பார்த்தவர்களுக்கு நான் சொல்லப்போவது புதிதாக இருக்காது. செய்யாதவர்கள் கொஞ்சம் பொறுங்கள், உங்களுக்கும் அந்த நாள் வரும்.

செல்லுக்குள் இருப்பவர்

இலஞ்சியிலிருந்து கருப்பசாமி வந்தது ஒரு சாரல் சாயங்காலம். நான் அப்போதுதான் ஷட்டரைத் தூக்கியிருந்தேன். பட்டாளத்துக்காரர், வடக்கே எல்லைப் பக்கம் வேலை. நெஞ்சை நிமிர்த்தித்தான் நடப்பார். நாற்காலியில் உட்காரச் சொன்னால்கூட உத்தரவு கிடைத்தது மாதிரி உட்காருவார். கூடவே அவர் மனைவி செல்வி, அவள் இடுப்பில் மகள் யாழினி. மேசைமேல் கிடந்த என் செல்போனைப் பார்த்ததும் பிள்ளை கையை நீட்டி "அப்பா" என்றாள். அப்பாவுடைய செல் மாதிரியே இருக்கிறதா என்று நான் கொஞ்சப் போக, செல்வி தலையைக் குனிந்துகொண்டு விளக்கினாள். அப்பாவுடைய செல் இல்லையாம். செல்தான் அப்பாவாம்.

பிள்ளை கைக்குழந்தையாக இருந்தபோது ஒருமுறை லீவில் வந்து போனவர். அப்புறம் அவள் அப்பாவைப் பார்த்ததெல்லாம் வீடியோ காலில். எனவே உள்ளங்கை அகலத்தில், வெளிச்சமாக, அடிக்கடி நின்று நின்று பேசுகிற ஒன்றுக்கு அப்பா என்று பெயர் வைத்துக்கொண்டாள். வாசல் வழியாகப் பெட்டியோடு வந்தவர் மாமா. மாமாவிடம் மரியாதையாகத்தான் நடந்துகொள்கிறாளாம். விருந்தாளிக்குக் கொடுப்பதுபோல் பிஸ்கட் கொடுக்கிறாள். தூக்கப் போனால் மட்டும் வீடு இரண்டாகிறது. இருட்டியதும், மாமா இன்னும் அவங்க வீட்டுக்குப் போகவில்லையா என்று அம்மாவின் காதில் கேட்கிறாள். லீவு அடுத்த வாரத்தோடு முடிகிறது. கூட வேலை பார்க்கும் ஒருவர், தன் பையனை ஒருநாள் தீம் பார்க்குக்குக் கூட்டிப்போனதும் ஒட்டிக்கொண்டான் என்று சொல்லியிருக்கிறார். அதுதான் கொச்சிப் பக்கம் பெரிய பார்க்காக ஒன்று பார்த்துச் சொல்ல வேண்டுமாம். எந்த ராட்டினம் முக்கியம் என்று கேட்டேன். கருப்பசாமி பிள்ளையைப் பார்த்தபடியே சொன்னார்: "ராட்டினம் ஓடலைன்னாலும் பரவாயில்ல அண்ணாச்சி. அவளா ஒரு தடவ ஏங்கிட்ட வந்தாப் போதும்."

சிலிண்டருக்கு மேல் ஒரு சாண்

பார்க்கில் ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறார்கள். பிள்ளையின் தலை அந்தக் கோட்டுக்குக் கீழே இருந்தால் டிக்கெட் வாங்க வேண்டாம், எதிலும் ஏற்றவும் மாட்டார்கள். கோட்டைத் தொட்டால் டிக்கெட் வாங்க வேண்டும், ஆனால் குட்டி ரயிலில் அப்பா பக்கத்தில் உட்காரலாம். அதனால் பிள்ளையின் உயரத்தை அளந்து அனுப்பச் சொன்னேன். ரொம்பச் சாதாரணமான கேள்வி என்று நினைத்தேன். போன் போட்டது கருப்பசாமியின் அக்கா பேச்சியம்மாள். தம்பி பட்டாளத்தில் இருக்க, அந்த வீட்டுக்கு ராணுவமும் போலீசும் அந்த அம்மாள்தான். வளருகிற பிள்ளையை அளந்தால் வளர்த்தி நின்றுபோகும் என்று தெரியாதா, நீயெல்லாம் எந்த ஊர்க்காரன் என்று என்னை வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டார்கள். அத்தைக்காரி வாயிலிருந்து இப்படி வந்த பிறகு அந்த வீட்டில் டேப்பை எடுக்க ஆள் ஏது.

கடைசியில் செல்விதான் வழி கண்டுபிடித்தாள். சமையலறையில் பிள்ளையைக் கேஸ் சிலிண்டர் பக்கத்தில் நிறுத்திப் போட்டோ எடுத்து அனுப்பினாள். சிலிண்டருக்கு மேல் ஒரு சாண் வருகிறது என்று எழுதியும் இருந்தாள். யாருடைய சாண் என்று கேட்டதுதான் தாமதம், வீட்டில் கலகம். பட்டாளத்துக்காரர் தன் சாண் என்கிறார், பிள்ளை கோட்டைத் தொட வேண்டும், ரயில் ஏற வேண்டும். அக்கா தன் சாண் என்கிறார்கள், பால்குடி மறந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது, அதற்கு எதற்கு டிக்கெட். நான் சமாதானமாக, சாண் கிடக்கட்டும், சிலிண்டரையாவது டேப் வைத்து அளந்து சொல்ல முடியுமா, இல்லை அதற்கும் ஏதாவது ஆகிவிடுமா என்று கேட்டேன். பேச்சியம்மாள் பெரிய மனசு பண்ணிச் சொன்னார்கள்: "அத எத்தன தடவ வேணும்னாலும் அளந்துக்கிடலாம் தம்பி. சிலிண்டரு வளந்து என்ன செய்யப் போவுது."

அருவிக்கு டிக்கெட்

மறுநாள் அந்த அம்மாளே நேரில் வந்துவிட்டார்கள். குடையை மடக்கி என் விசாரணைப் பலகைமேல் சாத்திவிட்டு, அங்கன அப்படி என்னதான் இருக்கு, காட்டுங்க என்றார்கள். வீடியோவைப் போட்டுக் காட்டினேன். முதலில் மழை நடனம் வந்தது. மேலேயிருந்து குழாயில் மழை பெய்ய, கீழே குடும்பம் குடும்பமாக ஆடுகிறார்கள். அந்த அம்மாள் திரும்பி, வெளியே ரோட்டில் பொழிந்துகொண்டிருந்த சாரலைப் பார்த்தார்கள். பிறகு என்னைப் பார்த்தார்கள். இரண்டு வார்த்தை திட்டியிருந்தால்கூட எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

அடுத்து செயற்கை அருவி வந்தது. ஐந்தருவிக்கு நடந்து போய்க் குளித்துவிட்டு வருகிற தூரத்தில் வீடு வைத்திருப்பவர்களிடம் சிமெண்டுப் பாறையைக் காட்டி டிக்கெட் விற்பது எவ்வளவு சிரமம் என்று எங்கள் ஊர்ப்பக்கம் தொழில் செய்கிறவர்களுக்குத்தான் தெரியும். ஆனால் பேச்சியம்மாளுக்கு அதில் வேறு சந்தேகம். தண்ணீர் கூடினால் போலீஸ் விசிலடித்துக் கரையேறச் சொல்வானா என்று கேட்டார்கள். அங்கே தண்ணீர் கூடாது, குறையாது, காலையில் சுவிட்சைப் போடுவார்கள், சாயங்காலம் அணைத்துவிடுவார்கள் என்றேன். அந்த அம்மாள் முகத்தில் முதல்முறையாக ஒரு மதிப்பு வந்தது. குடையை எடுத்துக்கொண்டு படியிறங்கினவர்கள் நின்று சொன்னார்கள்: "நம்ம அருவிக்கும் அப்பிடி ஒண்ணு மாட்டச் சொல்லுங்க தம்பி. ஆடி பொறந்தும் தண்ணி வராத வருசத்துக்கு ஆவும்ல."

உத்தரத்தில் கொக்கி

யாழினி கட்டிலில் தூங்க மாட்டாள். சேலைத் தொட்டில் வேண்டும், அதுவும் செல்வியின் பழைய நைலக்ஸ் சேலை. வேனுக்குள் குறுக்குக் கம்பியில் தொட்டில் கட்டிக்கொள்ளலாமா என்று கருப்பசாமி கேட்டார். எங்கள் டிரைவர் அந்தோணி, தென்மலை வளைவில் தொட்டில் எந்தப் பக்கம் ஆடும் என்று தனக்கே தெரியாது என்று கையெடுத்துக் கும்பிட்டார். ஆக, தங்குகிற ரூமிலாவது தொட்டில் கட்ட வழி இருக்க வேண்டும். லாட்ஜ் லாட்ஜாகக் கூப்பிட்டு, உத்தரத்தில் கொக்கி உண்டா என்று விசாரிக்கிற பொறுப்பு என் தலையில் விழுந்தது.

என் குரலைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். நல்ல செய்தி சொன்னாலும் துக்கம் சொல்லிவிடுகிற மாதிரிதான் இருக்கும். தூக்கம் கெட்ட குரல். மலையாளத்தில் பேசும்போது வார்த்தைகளைத் தேட வேண்டியிருப்பதால் நடுநடுவே பெருமூச்சும் சேரும். தொட்டிலுக்கு மலையாளத்தில் என்ன சொல்வார்கள் என்று அந்த நேரம் பார்த்து ஞாபகம் வரவில்லை. கொச்சி லாட்ஜ் மேனேஜர் போனை எடுத்ததும், ரூமில் மேலே கொக்கி உண்டா என்று கேட்டேன். எதற்கு என்றார். சேலை கட்ட வேண்டும் என்றேன். கனம் தாங்குமா என்றும் கேட்டுவைத்தேன். அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த டி.வி.யை அணைக்கிற சத்தம் கேட்டது. பிறகு, பெற்ற தகப்பன் பேசுகிற மாதிரி அத்தனை கனிவாக அந்த மனிதர் சொன்னார்: "சேட்டா, ஒண்ணும் செய்யருது. நேரம் வெளுக்கட்டே. எல்லாம் சரியாகும்."

அண்ணா, ஒன்றும் செய்துகொள்ளாதே, பொழுது விடியட்டும் என்று எனக்கு யாரும் சொல்லி ரொம்ப நாளாகியிருந்தது. குழந்தை விஷயம் என்று விளக்கி முடித்த பிறகும் அவர் முழுதாக நம்பவில்லை. ஆனால் கொக்கி உள்ள ரூமைக் கொடுத்தார். நான் கூட வருகிறேனா என்று மட்டும் கேட்டுக்கொண்டார்.

கிளம்பின காலை

சாமான்கள் ஏறின. குக்கர், ஃபிளாஸ்க், சேலை, சீரகத் தண்ணீர். இரண்டு நாள் பயணத்துக்குப் பட்டாளமே முகாம் மாற்றுகிற மாதிரி இருந்தது. கருப்பசாமி புதுச்சட்டை போட்டிருந்தார். ஜன்னலோரம் பிள்ளைக்கு, அவள் பக்கத்து இடம் தனக்கு என்று முன்னாலேயே சொல்லிவைத்திருந்தார். பேச்சியம்மாள் உட்பட எல்லாரும் ஏறி உட்கார்ந்த பிறகு, அவர் ஒரு காலைப் படியில் வைத்தார்.

யாழினி அவரைப் பார்த்தாள். வழியனுப்ப வந்த மாமா எதற்கு வண்டியில் ஏறுகிறார் என்று அவளுக்குக் குழப்பம். அடுத்த வினாடி மரியாதை ஞாபகம் வந்து, கையை அழகாக ஆட்டிச் சொன்னாள்: "மாமா, டாட்டா."

நெஞ்சை நிமிர்த்தியே நடக்கிற மனிதர் ஓசையில்லாமல் போய்க் கடைசி சீட்டில், குக்கருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் ஆபீஸுக்குள் வந்து, எழுதி முடித்த பில்லையே மறுபடியும் எழுதிக்கொண்டிருந்தேன்.

கரடி

திரும்பி வந்ததும் முதலில் கதை சொன்னது டிரைவர் அந்தோணி. பார்க்கில் எதுவும் நாங்கள் போட்ட திட்டப்படி நடக்கவில்லை. வாசலில் கோட்டுக்குப் பக்கத்தில் நிறுத்தினால் பிள்ளை முழங்காலை மடக்கி உட்கார்ந்துகொண்டாள்; டிக்கெட் மிச்சம் என்று அத்தைக்காரிக்குப் பரம திருப்தி. குட்டி ரயில் போயிற்று. அலைக்குளத்தைப் பார்த்ததும் அழுகை. மத்தியானம் வரை அவளுக்குப் பிடித்தது கை காயவைக்கிற மெஷின் ஒன்றுதான். கருப்பசாமி ஐஸ்கிரீம் உருகி முழங்கை வரை வழிய, பத்தடி தள்ளியே வந்துகொண்டிருந்தாராம். அப்போதுதான் சாப்பாட்டுக் கூடத்துப் பக்கம் கரடி வந்தது. வேஷம் போட்ட ஆள்தான். பிள்ளைகளுக்குக் கை கொடுக்கிற கரடி. யாழினிக்கு முன்னால் வந்து குனிந்து கையை நீட்டியது.

செல்வி வீடியோ எடுத்துக்கொண்டிருந்தாள். அத்தை கை கழுவப் போயிருந்தார்கள். பிள்ளை சுற்றுமுற்றும் பார்த்து, ஒரே ஓட்டமாக ஓடி, கருப்பசாமியின் காலில் பனையில் பாளை சீவ ஏறுகிறவன் மாதிரி ஏறி, கழுத்தைக் கட்டிக்கொண்டாளாம். அவள் கத்தினது 'அப்பா' என்று அந்தோணி சத்தியம் செய்கிறார். 'ஆத்தாடி' என்றுதான் கேட்டது என்கிறாள் செல்வி. வீடியோவில் கரடியின் முதுகும் கூட்டத்தின் இரைச்சலும்தான் இருக்கின்றன. ஆனால் அதன்பிறகு நடந்ததில் யாருக்கும் சந்தேகம் இல்லை. கரடி கண்ணில் படும்போதெல்லாம் பிடி இறுகுகிறது. கரடி மறைந்தால் பிள்ளை இறங்கப் பார்க்கிறாள். அதைக் கண்டுகொண்ட பட்டாளத்துக்காரர், மிச்சப் பொழுது முழுக்கக் கரடியின் பின்னாலேயே நடந்திருக்கிறார். கரடி திரும்பின பக்கமெல்லாம் திரும்பி, அது நின்றால் நின்று, அது தண்ணீர் குடிக்க ஒதுங்கின இடத்திலும் போய் நின்றிருக்கிறார். முடிவில் அந்த ஆள் தலையைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, வியர்த்து ஒழுக, சேட்டனுக்கு என்ன வேணும் என்று கேட்டே விட்டானாம்.

அன்று சாயங்காலம் கருப்பசாமி கணக்கு முடிக்க ஆபீஸுக்கு வந்தார். பிள்ளையும் வந்திருந்தாள், அவர் இடுப்பில் இல்லை, ஆனால் அவர் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். என்ன கூப்பிடுகிறாள் என்று கேட்டேன். காலையில் மாமா, இருட்டினால் அப்பா, அவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்றார். பிறகு மேசைமேல் குனிந்து, பிள்ளைக்குக் கேட்காதபடி, முக்கியமான ராணுவ ரகசியம் மாதிரி விசாரித்தார்: "அண்ணாச்சி, இந்தக் கரடி வேசம் தென்காசியில எங்கன வாடகைக்குக் கெடைக்கும்? எனக்கு லீவு இன்னும் ரெண்டு நாளு கெடக்கு."

எங்கள் தொழிலில் வண்டி, ரூம், டிக்கெட், உத்தரத்துக் கொக்கி வரைக்கும் முன்கூட்டியே ஏற்பாடு செய்துவிடலாம், கரடி மட்டும் அதுவாகத்தான் வர வேண்டியிருக்கிறது.