வளைந்த ஒற்றை ஊசி

எண்பதுகளின் கடைசியில் மட்டாஞ்சேரியில் ஒரு மிளகு ஏற்றுமதி ஆபீசில் டைப்பிஸ்டாக இருந்தேன். கம்ப்யூட்டரும் பிரிண்டரும் வந்ததும் டைப்ரைட்டர்களை விற்றுவிட்டார்கள். மானேஜர் பாலக்காட்டுத் தமிழர். என்னைத் தவிர வேறு யாரும் மெஷினைத் தொடக்கூடாது என்று சொல்லியிருந்தார். எனக்கு அதில் கொஞ்சம் பெருமைதான்.

அன்று மதியம் இரண்டு மணிக்குள் கப்பல் ஏஜென்ட் ஆபீசுக்குக் காகிதங்கள் போயாக வேண்டும். காலையில் முதல் பக்கத்தை அடித்தேன். பி இருக்க வேண்டிய இடத்தில் கியூ. ஆர் வரவேண்டிய இடத்தில் எஸ். ஈ மட்டும் சரியாக விழுந்தது. சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே ஆச்சரியக்குறி. பெப்பர் என்ற சொல்லை நானே எழுத்துக் கூட்டித்தான் படிக்க வேண்டியிருந்தது.

எல்லாவற்றையும் அணைத்துப் போட்டேன். ரிப்பனை மாற்றினேன். மறுபடியும் கியூதான்.

மானேஜர் எறணாகுளத்திலிருந்த கம்ப்யூட்டர் கம்பெனி இஞ்சினியரைப் போனில் பிடித்தார். அவர் வேறொரு ஆபீசில் வேலையாக இருந்தார், சாயங்காலம்தான் வரமுடியும் என்றார். போன் மானேஜர் அறையில், மெஷின் அடுத்த அறையில். இஞ்சினியர் மலையாளத்தில் சொல்வதை மானேஜர் வாசலைப் பார்த்துத் தமிழில் கத்துவார். நான் செய்துவிட்டுப் பதில் கத்துவேன்.

"வயரை யாராவது கழட்டினாளான்னு கேக்கறார்!"

"இல்லை ஸார்!"

பொய். முந்தின சாயங்காலம் மழையில் ஓடு ஒழுகி மேஜை மேல் சொட்டியது. நான்தான் தனியாக, கம்ப்யூட்டரையும் பிரிண்டரையும் இணைக்கும் வயரைக் கழற்றி, மேஜையை நகர்த்தி, திரும்பச் செருகினேன். சுலபமாகப் போகவில்லை, அழுத்தினேன். தன்னைக் கேட்காமல் வயரைக் கழற்றக்கூடாது என்று மெஷினை மாட்டிய அன்றே இஞ்சினியர் சொல்லியிருந்தார்.

பிறகு ஒரு மணி நேரம் கம்ப்யூட்டரில் அதைப் பார், இதைப் பார் என்று போயிற்று. கடைசியில், பிரிண்டரில் ஒரு பட்டனை அழுத்திக்கொண்டே சுவிட்சைப் போடச் சொன்னார். கம்ப்யூட்டரின் தயவில்லாமல் பிரிண்டர் தானாகவே எல்லா எழுத்துகளையும் வரிசையாக அடித்தது. ஒன்றுகூடத் தப்பில்லை.

"அப்போ வயர்தானாம்! கம்ப்யூட்டர் பக்கத்தைக் கழட்டிப் பாரு!"

கழற்றினேன். வயர் முனையிலிருந்த இருபத்தைந்து ஊசிகளில் இரண்டாவது, துளைக்குள் போகாமல் மடிந்து படுத்திருந்தது. மானேஜர் ரிசீவரை மேஜையில் வைத்துவிட்டு வந்து குனிந்து பார்த்தார்.

"இது எப்படி வளைஞ்சுது?"

"நான்தான் ஸார். நேத்து மழைக்கு நகர்த்தறச்சே."

"கேட்டேனே. ஏன் சொல்லல்லை?"

"பயந்துட்டேன் ஸார்."

அவர் திரும்பிப் போய் நடந்ததை அப்படியே இஞ்சினியரிடம் சொன்னார். என் காதெல்லாம் சுட்டது. பிறகு மானேஜர் குரல் வந்தது: "அந்த ஊசி தொடாததாலதான் எழுத்து மாறித்தாம். தீர்ந்துபோன பேனா ரீபில் இருக்கா? முனையைப் பிடுங்கிட்டு, அந்தக் குழாயை ஊசி மேல மாட்டி மெதுவா நிமிர்த்து. ஒரு தடவைதான். திரும்ப வளைஞ்சா ஒடிஞ்சுபோயிடுமாம்."

ரீபிலின் முனையைப் பல்லால் கடித்துப் பிடுங்கினேன். குழாயை ஊசி மேல் மாட்டி மெதுவாக நிமிர்த்தினேன். ஒடியவில்லை. இந்தமுறை அழுத்தாமல் செருகினேன்.

பி, பியாகவே விழுந்தது. ஒன்றரைக்குக் காகிதங்கள் கிளம்பின.

மறுநாள் இஞ்சினியர் புது வயரோடு வந்தார். உறையைப் பிரித்து என்னிடமே நீட்டினார். "நிங்ஙள் தன்னே மாட்டிக்கோ" என்று, நீங்களே மாட்டுங்கள் என்பதைப் பாதி மலையாளமும் பாதி தமிழுமாகச் சொல்லிவிட்டு, சாயா கிளாசோடு ஜன்னலோரம் போய் நின்றுகொண்டார்.