பத்துப் பேரில் சேராதவள்

போன ஞாயிறு தமிழ்ப் பூசை முடிந்ததும் கோயில் மண்டபத்தில் வேதாகமப் பகிர்வு நடந்தது. நடத்தியவர் நன்றாகப் படித்தவர், குரலும் நல்ல குரல். கேள்வி எழும்பும் இடத்தில் விசுவாசம் இருக்காது என்று அவர் சொல்ல, எல்லோரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டியிருப்பேன். ஆனால் அன்று காலைதான் யாரோ அந்த மண்டபத் தரைக்கு மெழுகு போட்டுத் தேய்த்திருக்க வேண்டும். எலுமிச்சை கலந்த அந்த மணம் மூக்கில் ஏறியதும் என் கால்கள் தாமாக எழும்பி நின்றுவிட்டன.

"அப்ப, மோயீசனுக்கு முன்னால போய் நிண்டு கேள்வி கேட்ட அந்த அஞ்சு பொம்பிளையளுக்கும் விசுவாசம் இல்லையோ?" என்று கேட்டேன்.

எந்தப் பொம்பிளைகள் என்று அவர் கேட்டார். பக்கத்தில் இருந்த என் மகள் "அம்மா, ப்ளீஸ்" என்று சட்டையைப் பிடித்து இழுத்தாள். தேத்தண்ணி ஆறுகிறது என்று யாரோ சொல்ல, கூட்டம் கலைந்தது. குட்மேய்ஸில் இருக்கும் என் வீட்டுக்கு வரும் பஸ்ஸிலும் எனக்கு ஆறவில்லை. அவருக்குச் சொல்லக் கிடைக்காததை உங்களுக்குச் சொல்கிறேன்.

லண்டனுக்கு வந்த புதிதில், இல்ஃபோர்ட் பக்கம் இருந்த ஒரு யூதத் தொழுகைக்கூடத்தில் நான் கெயர்டேக்கராக இருந்தேன். கேட்பவர்கள் சிரிப்பார்கள். மன்னாரில் பிறந்த கத்தோலிக்கப் பெண்ணுக்கு அங்கே என்ன வேலை? கதவு திறப்பது, ஹீட்டர் போடுவது, வியாழன்தோறும் தரைக்கு அந்த எலுமிச்சை மெழுகு தேய்ப்பது, சனிக்கிழமை வழிபாடு முடிந்ததும் கீழ் மண்டபத்தில் மேசை போட்டு ஊறுகாய் மீன் தட்டுகளை அடுக்குவது. சனிக்கிழமை அவர்களுக்கு, ஞாயிற்றுக்கிழமை எனக்கு. அவ்வளவு பொருத்தமான வேலை பிறகு எனக்குக் கிடைக்கவேயில்லை. என் கணவரின் நீண்ட பெயர் யார் வாயிலும் நுழையாததால் நான் அங்கே 'மிஸஸ் பி'.

சனிக்கிழமை அவர்களுக்கு ஓய்வுநாள், சுவிட்சைக்கூடத் தொடமாட்டார்கள். என்னைத் தொடச் சொல்லவும் கூடாதாம். "இங்கே கொஞ்சம் இருட்டாக இருக்கிறது, இல்லையா மிஸஸ் பி?" என்று கூரையைப் பார்த்துச் சொல்வார்கள். நான் முதல் இரண்டு கிழமையும் "ஓம், இருட்டுத்தான்" என்று ஒத்துக்கொண்டு பேசாமல் நின்றேன். எதையும் நேரே கேட்காத தாயிடம் வளர்ந்தவள் நான். எனக்கே அது விளங்க மூன்றாம் கிழமை ஆயிற்று.

பின்கதவடியில் நின்று வாசிப்பைக் கேட்பேன். கையால் எழுதிய பெரிய தோல்சுருளை விரித்து, தோரா என்கிற அவர்களுடைய வேதத்தில் அந்த வாரத்துக்குரிய பகுதியை ராகத்தோடு வாசிப்பார்கள். வருடம் முடிய சுருளும் முடியும், உடனே முதலிலிருந்து தொடங்கும். எபிரேயம் எனக்குத் தெரியாது. பக்கத்தில் இருக்கும் ஆங்கிலப் புத்தகத்தில் விரல் வைத்துத் தொடர்ந்துகொண்டு போவேன். என்னை அசத்தியது ஒன்று: அவர்கள் எதையும் தாண்டவில்லை. இன்னாருக்கு இன்னார் மகன் என்று பக்கம் பக்கமாக வரும் பட்டியலைக்கூட விடவில்லை. நாங்கள் எங்களுக்கு இதமான துண்டுகளைப் பொறுக்கி வாசிப்போம். அவர்களோ வசதியில்லாத பகுதிகளுக்கும் எழும்பி நின்று மரியாதை செய்தார்கள்.

ரூத்தை அங்கேதான் கண்டேன். என் வயதுதான் அவளுக்கு, பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பித்தாள். அந்த இலையுதிர்காலத்தில் அவளுடைய தகப்பன் இறந்துபோனார். அவருக்கு ஒரே பிள்ளை அவள். தகப்பனுக்காகப் பதினொரு மாதம் நாள்தோறும் கதீஷ் என்கிற செபத்தை மகன் எழும்பி நின்று சொல்ல வேண்டும். மகன் இல்லையென்றால் யாராவது ஓர் ஆண் அவளுக்காகச் சொல்லலாம், அதுதான் வழக்கம் என்று கூடத்தின் தலைவர் மிஸ்டர் சாமுவேல் அவளிடம் பக்குவமாகச் சொன்னார். ரூத் நன்றி சொல்லிவிட்டு, அன்று பின்னேரமே வந்து மேல்மாடியில் பெண்களுக்கான திரைக்குப் பின்னால் நின்று தானே சொன்னாள். மிஸ்டர் சாமுவேல் புத்தகத்தை மேசையில் தட்டினார். அவள் நிறுத்தவில்லை.

அதைவிடப் பெரிய சிக்கல் வேறு. பத்து ஆண்கள் சேராவிட்டால் அந்தச் செபத்தை யாருமே சொல்ல முடியாது. கிழமை நாட்களில் ஒன்பது பேரோடு நின்றுவிடும். வேலையால் நேரே ஓடிவந்த ரூத் கோட்டைக்கூடக் கழற்றாமல் நிற்பாள். எல்லோரும் கதவைப் பார்ப்பார்கள். ஒருநாள் எனக்குப் பொறுக்கவில்லை. துடைப்பத்தைச் சாத்திவிட்டு பஸ் தரிப்பிடத்துக்குப் போய், "நீங்கள் யூதரா?" என்று ஒவ்வொருவராகக் கேட்டேன். முதலாமவர் பயந்து விலகினார். மூன்றாமவர் ஓம் என்றார், கையில் சிப்ஸ் பொட்டலம். தொழுகைக்கூடத்துக்குள் காலடி வைத்து முப்பது வருடம் இருக்கும் என்றவரை இழுத்துக்கொண்டு வந்தேன். அவருக்கு ஓர் எழுத்தும் வாசிக்க வராது. ஆனால் எண்ணிக்கையில் அவர் பத்தாவது. முழுவதையும் மனப்பாடமாகச் சொல்லக்கூடிய ரூத் எண்ணிக்கையிலேயே இல்லை. அன்று வாளித் தண்ணீரை ஊற்றும்போது எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

அந்தக் கோபத்தைப் பார்த்து என்னைப் பெரிய வீராங்கனை என்று நினைத்துவிடாதீர்கள். அடுத்த கோடையில் என் வீட்டுக் கதவடியில் ஒரு கடிதம் விழுந்தபோது நான் பேசாமல் பேனையைத் தேடியவள்.

என் அப்பாவும் அதற்கு முந்தின வருடம்தான் இறந்திருந்தார். நாங்கள் மூன்று பெட்டைகள். நான் மூத்தவள். நடுவில் பிலோ, ஹவுன்ஸ்லோவில் இருந்துகொண்டு விமான நிலையத்தில் சாப்பாட்டுத் தட்டு அடுக்கும் வேலை செய்தாள். கடைசித் தங்கச்சி மெற்றில்டா, புருஷனைப் பறிகொடுத்தவள், மன்னாரில் அப்பாவின் வீட்டிலேயே பிள்ளைகளோடு இருந்தாள். சமாதானம் வரப்போகிறது என்ற கதையோடு காணிகளுக்கு மதிப்பு ஏறின காலம். பெரியப்பாவின் மகன் யோசேப்பண்ணை, ஊர்க் கோயில் சபையில் பெரியவர், கடிதம் எழுதியிருந்தார். ஆண் வாரிசு இல்லாத காணி குடும்பப் பெயரை விட்டுப் போகக்கூடாது, எங்களுக்கு இனி உரிமை இல்லை என்று மூவரும் கையெழுத்து வைத்து அனுப்பவேண்டும், மெற்றில்டாவை இருக்கவிடுவார். 'இருக்கவிடுவேன்' என்ற அந்தச் சொல்லை நான் அன்று கவனிக்கவேயில்லை.

"ஏனப்பா வீண் கரைச்சல்? சைன் வைச்சு அனுப்பிவிடும்" என்றார் என் கணவர். சண்டை பிடிக்கத் தெரியாத மனிதர். திங்கட்கிழமை தபாலில் போடலாம் என்று வைத்திருந்தேன்.

இடையில் வந்தது சனிக்கிழமை. வழிபாட்டுக்குப் பிறகு கீழ் மண்டபத்தில் அவர்களுடைய குருவான ரபி அந்த வாரப் பகுதியைப் பற்றிக் கொஞ்சம் பேசுவார். அந்தக் கிழமை அவர் விடுமுறையில். போகுமுன், ரூத் பேசட்டும் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். அதைத் துணிவென்றும் சொல்லலாம், தப்பி ஓடினார் என்றும் சொல்லலாம்.

மீன் தட்டோடு நின்றபடி கேட்டேன். ஐந்து சகோதரிகள். தகப்பன் வனாந்தரத்தில் இறந்துபோனார், மகன் இல்லை. கடவுள் தருவதாகச் சொன்ன காணியைப் பங்கிடப் போகிறார்கள், பட்டியலில் இவர்கள் இல்லை. யாரையும் தூது அனுப்பாமல் ஐந்து பேரும் தாங்களே போய், மக்களை வழிநடத்திய மோயீசனுக்கும் குருவுக்கும் முழுச் சபைக்கும் முன்னால் நின்று, மகன் இல்லை என்பதற்காக எங்கள் தகப்பனின் பெயர் ஏன் இல்லாமல் போகவேண்டும், எங்களுக்கும் பங்கு தாருங்கள் என்று கேட்டார்கள். மோயீசனுக்குப் பதில் தெரியவில்லை. தெரியாது என்பதை மறைக்காமல் கடவுளிடம் கொண்டுபோனார். அந்தப் பெண்கள் சொல்வது சரி என்றார் கடவுள்.

அப்போது அந்தக் காணியில் யாரும் காலே வைத்திருக்கவில்லை, ஆற்றுக்கு இந்தப் பக்கம்தான் நின்றார்கள் என்றாள் ரூத். கண்ணால் காணாத நிலத்தில் பங்கு கேட்பதற்குப் பெயர்தான் விசுவாசம், நம்பாதவள் ஏன் கேட்கப் போகிறாள் என்றாள். பிறகு அந்த ஐந்து பேரின் பெயரையும் நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்: மக்லா, நோவா, ஒக்லா, மில்கா, திர்சா. எதிரே நின்ற சபைத் தலைவர்களில் ஒருவரின் பெயரைக்கூட அந்த இடம் சொல்லவில்லை.

மிஸ்டர் சாமுவேல் எழும்பினார். அந்தப் பெண்கள் கேட்டது காணி, செபம் அல்ல என்றார். அதோடு, பிறகு அதே குலத்து ஆண்கள் வந்து முறையிட்டு, அந்தப் பெண்கள் சொந்தக் குலத்துக்குள்தான் கலியாணம் செய்யவேண்டும் என்று ஒரு கட்டுப்பாடு வாங்கியதையும் நினைவுபடுத்தினார். பொய் சொல்லவில்லை, அதுவும் எழுதித்தான் இருக்கிறது.

ரூத்தின் முகம் சிவந்தது. ஆனால் குரல் உயரவில்லை. "அவர்கள் கேட்டது தகப்பனின் பெயரை. நானும் அதைத்தான் கேட்கிறேன்" என்றாள். கட்டுப்பாடு போட்டவர்களும் வரிசையில் வந்து கேட்டுத்தானே போட்டார்கள், கொடுத்த காணியை யாராலும் திரும்பப் பிடுங்க முடியவில்லையே என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் என் தமிழ் வேதாகமத்தை எடுத்துத் தேடினேன். எண்ணாகமம், இருபத்தேழாம் அதிகாரம். இருந்தது. சின்ன வயது முதல் வைத்திருந்த புத்தகம், அந்தப் பக்கத்தின் மூலைகூட மடங்கியிருக்கவில்லை. கணவரிடம் நீட்டினேன். கண்ணாடி போட்டு இரண்டுதரம் வாசித்துவிட்டு, "எத்தினை வருஷமா இது இதுக்குள்ள கிடக்குது?" என்று கேட்டார்.

அடுத்தநாள் பூசை முடிந்த கையோடு ஹவுன்ஸ்லோவுக்கு வெளிக்கிட்டேன். லண்டனின் ஒரு முனையிலிருந்து மறுமுனை. பிலோ ஷிப்டுக்கு உடுத்திக்கொண்டிருந்தாள்.

"நான் சைன் வைச்சிட்டன் அக்கா. அனுப்பத்தான் இல்லை" என்றாள்.

நான் அந்த அதிகாரத்தை வாசித்துக் காட்டினேன். அவள் குந்தியிருந்து கேட்டாள். பிறகு அலுமாரியிலிருந்து கடிதத்தை எடுத்து நான்காகக் கிழித்துக் குப்பை வாளியில் போட்டுவிட்டு, "யோசேப்பண்ணை கோவிப்பார்" என்றாள். கோவிக்கட்டும் என்றேன்.

அங்கிருந்தே டெலிபோன் கார்ட் சுரண்டி யோசேப்பண்ணைக்கு அழைத்தோம். கடிதம் வராது என்றேன். வெளிநாட்டில் இருந்துகொண்டு வாய் காட்டுகிறீர்கள் என்று அவர் ஏசத் தொடங்கினார். கடைசியில், "வேதத்தில எங்கையாவது பொம்பிளைக்குக் காணி குடுத்திருக்கோ?" என்று கேட்டார். கேட்டிருக்கக் கூடாது.

"குடுத்திருக்கு அண்ணை. எண்ணாகமம் இருபத்தேழு. எடுத்து வாசியுங்கோ, நான் லைன்ல நிக்கிறன்."

ரிசீவரை மேசையில் வைக்கும் சத்தம் கேட்டது. அலுமாரி திறக்கும் சத்தமும் கேட்டது. அந்த நேரம் பார்த்து கார்ட் முடிந்துவிட்டது. அவர் வாசித்தாரோ, முகம் எப்படிப் போயிற்றோ, இன்றுவரை எனக்குத் தெரியாது.

அவர் மனம் மாறவில்லை. வழக்குப் போட்டார், சபையில் எங்களைப் பற்றிப் பேசினார். சண்டை திரும்ப வந்தது, மெற்றில்டா இடம்பெயர்ந்தாள், திரும்பி வந்து மறுபடி காணி அலுவலகம், நீதிமன்றம் என்று கந்தோர் கந்தோராக ஏறினாள். கன வருடம் சென்றது. இப்போது காணி உறுதிப் பத்திரத்தில் எங்கள் மூன்று பேரின் பெயரும் இருக்கிறது. அவளை அங்கே 'இருக்கவிட' யாரும் தேவையில்லை. யோசேப்பண்ணை எங்களோடு கதைப்பதில்லை. அதற்காக எனக்குத் துளியும் வருத்தமில்லை என்று எழுதினால் பாதி பொய். திரும்ப அந்த நாள் வந்தாலும் அதையே செய்வேன் என்பது முழு உண்மை.

ரூத்தும் பதினொரு மாதத்தையும் முடித்தாள். அவளைப் பத்தில் ஒருத்தியாக ஒருநாளும் எண்ணவில்லை. ஆனால் அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு அவள் சொல்லி நிறுத்தும் இடங்களில் ஒரு 'ஆமேன்' கேட்டது, பிறகு மூன்று நான்கு. கடைசி நாள் மிஸ்டர் சாமுவேல் வாசலில் நின்று, இழவு வீட்டாருக்கு அவர்கள் சொல்லும் 'நீண்ட ஆயுள்' வாழ்த்தை அவளுக்குச் சொன்னார்.

பிறகு ஆட்கள் ஒவ்வொருவராக எசெக்ஸ் பக்கம் போனார்கள், மற்றவர்கள் கல்லறைக்குப் போனார்கள். ரூத் மாற்றலாகி வடக்கே போனாள். கூடம் விற்கப்பட்டது. சுருள்களைக் கொண்டுபோன மறுநாள் உள்ளே துப்புரவாக்கும் வேலை எனக்கு. ஆண்களின் இருக்கைகளில் பித்தளைப் பெயர்த் தகடுகள் இருந்தன. அவற்றைக் கழற்றிக் குடும்பங்களுக்கு அனுப்ப வேண்டும் என்று உத்தரவு. மேல்மாடிக்கு ஏறிப் பார்த்தால், பெண்களின் கதிரைகளில் வெறும் இலக்கங்கள். அந்தக் கதிரைகளைக் குப்பைத் தொட்டி லொறியில் ஏற்றிவிடலாமாம்.

நான் கீழே போய்க் கறுத்த மார்க்கர் ஒன்று எடுத்துவந்தேன். ரூத், அவளின் தாய், ஊறுகாய் மீன் செய்து கொண்டுவரும் இரண்டு சகோதரிகள், எப்போதும் பிந்தி வரும் அந்த நர்ஸ் என்று யார் எங்கே இருந்தார்கள் என எனக்குத் தெரிந்த எல்லோரின் பெயரையும் கதிரை முதுகுகளில் பெரிதாக எழுதினேன். லொறிக்காரன் வந்து, இது ஏன் என்று கேட்டான். ஏற்று என்றேன்.

இன்று அந்த இடத்தில் ஆறு மாடி பிளாட்ஸ். சனிக்கிழமை காலையில் அந்தத் தெருவில் கோட்டும் தொப்பியுமாக நடந்துவரும் ஒருவரையும் காணமுடியாது. மெழுகில்லை, மீனில்லை, சுருளில்லை. கதிரைகள் எந்தக் கிடங்கில் உக்கிப் போயினவோ தெரியாது. ஆனால் பெயரோடு போயின.