மர்ஃபி வீட்டுக் கல்லறையில் மூன்றாவது மெழுகுவர்த்தி

1997 மார்ச் மாதம் என் மனைவி ரோஸி சமையலறையில் விழுந்தாள். பக்கவாதம். வலது கை போயிற்று, வலது கால் போயிற்று, பேச்சும் போயிற்று. இரண்டு மாதம் கழித்துப் பேச்சு கொஞ்சம் திரும்பியது. முதலில் வந்த சொல் என் பெயர் இல்லை. "டெரன்ஸ்."

அது அவள் அண்ணன் பெயர். முப்பத்து மூன்று வருடமாக என் வீட்டில் யாரும் சொல்லாத பெயர். அன்றிலிருந்து தினமும் அதே கேள்விதான். "டெரன்ஸ் எங்கே?" சாப்பாட்டைத் தள்ளிவிடுவாள். இன்னொரு முறை பக்கவாதம் வந்தால் தாங்கமாட்டார்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதற்குள் அவள் அண்ணனைக் கண்டுபிடித்தாக வேண்டும்.

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன். போத்தனூர் ரயில்வே ஷெட்டில் ஃபிட்டர். அங்கிருந்து குவைத், குவைத்திலிருந்து அமெரிக்காவில் ஹூஸ்டன். இன்றைக்கு ஹூஸ்டன் பக்கத்தில் கேட்டி என்கிற ஊரில் என் பெயர் போட்ட மெஷின் ஷாப் இருக்கிறது. இன்ஜினியரிங் படித்தவர்கள் வந்து, "அங்கிள், இதை எப்படிச் செய்றது?" என்று என்னிடம் கேட்டுப் போகிறார்கள். யார் தயவிலும் நான் வளரவில்லை. விசாரித்துப் பாருங்கள்.

ரோஸி ஆங்கிலோ இந்தியப் பெண். அவள் தாத்தா மர்ஃபி, அயர்லாந்தில் கார்க் பக்கத்திலிருந்து பட்டாளத்துக்கு வந்து, ரயில்வேயில் சேர்ந்து, போத்தனூரிலேயே தங்கிவிட்டவர். எங்கள் கல்யாணத்தன்று டெரன்ஸ் கோவில் வாசலில் நின்று, "ஒரு ஃபிட்டருக்கா என் தங்கச்சி?" என்று எல்லார் காதிலும் விழும்படி கேட்டான். "உங்க வீட்ல சாவு விழுந்தாலும் வரமாட்டேன்டா" என்று நானும் கத்தினேன்.

சொன்னதைச் செய்தேன். அடுத்த வருடமே ரோஸியின் அம்மா இறந்தார்கள். நான் போகவில்லை. அவளையும் போகவிடவில்லை. தாயின் முகத்தைக் கடைசியாகப் பார்க்காமல் கதவுக்குப் பின்னால் நின்று அழுதாள். டெரன்ஸ், தாத்தாவின் நாட்டுக்கே போய்விட்டான் என்று பிறகு கேள்விப்பட்டோம். அதோடு சரி.

அதனால் அயர்லாந்தில் தேட ஆரம்பித்தேன். என் மகள் மேரி கம்ப்யூட்டரில் பார்த்துப் பார்த்து, கார்க் பக்கத்துப் பங்குச் சாமியார்களுக்கெல்லாம் கடிதம் எழுதினாள். ஒருநாள் பேனாவைப் போட்டுவிட்டாள்.

"டாடி, அங்க மர்ஃபின்னா நம்ம ஊர்ல சவரிமுத்து மாதிரி. தெருவுக்குப் பத்துப் பேர். எத்தனை லெட்டர்தான் போடறது?"

"நீ எழுதும்மா. நான் எடுத்த காரியம் எதையும் பாதியில விட்டதில்ல."

அடுத்த வருடம் நானே போனேன். நான்கு ஊர். விடாத மழை. கோவில் புத்தகங்களில் ரோஸியின் தாத்தா ஞானஸ்நானம் வாங்கியதைக்கூடக் கண்டுபிடித்தேன். அந்த வம்சத்தில் மிஞ்சியிருந்தது இரண்டு கிழவிகள். டீ கொடுத்தார்கள். இந்தியாவில் தங்களுக்குச் சொந்தம் இருக்கிறது என்பதையே என்னிடம்தான் கேட்டார்கள். டெரன்ஸ் சில வருடம் பக்கத்து ஊரில் இருந்துவிட்டு எங்கேயோ போய்விட்டான் என்று அந்த ஊர்ச் சாமியார்தான் சொன்னார். கல்லறைத் தோட்டத்தில் எந்தக் கல்லைப் பார்த்தாலும் மர்ஃபி. ஈரப் புல்லில் உட்கார்ந்துவிட்டேன். அப்படி ஓர் அசதி எனக்கு வாழ்க்கையில் வந்ததில்லை.

வெறுங்கையோடு வந்தேன். "டெரன்ஸ்?" என்றாள் ரோஸி. முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

இத்தனை நாளும் செவ்வாய்க்கிழமை தவறாமல் அந்தோணியார் நவநாள் சொல்லிக்கொண்டுதான் இருந்தேன். காணாமல் போனதைக் கண்டுபிடித்துத் தருகிறவர் அல்லவா? ஆனால் என் ஜெபம் ஆர்டர் போடுகிற மாதிரி இருக்கும். 1999 அக்டோபரில் ஒரு செவ்வாய், முழங்காலில் நின்றவனுக்கு ஜெபம் வரவில்லை. கதவுக்குப் பின்னால் ரோஸி அழுத சத்தம்தான் வந்தது. அன்றைக்குத்தான் முதல்முறையாக, "தப்பு என்னுது ஆண்டவரே. என்னால முடியல" என்றேன். வேறொன்றும் கேட்கவில்லை. எழுந்தபோது ஒன்றே ஒன்று மனதில் நின்றது. கல்லறைத் திருநாள் வருகிறது. என் மாமியார் கல்லறையில் இதுவரை ஒரு மெழுகுவர்த்தி நான் ஏற்றியதில்லை.

கோயம்புத்தூரில் இருக்கும் என் அக்கா மகன் ஜோசப்புக்குப் போன் செய்தேன். புல் மண்டிக் கிடக்கும், சுத்தம் செய்து, சுண்ணாம்படித்து, பூப் போட்டு, என் பேரில் ஒரு மெழுகுவர்த்தி ஏற்று என்றேன். நவம்பர் இரண்டாம் தேதி காலை நான் கடையைத் திறக்கும்போது அவன் போன்.

"மாமா, நாம செய்யறதுக்கு இங்க ஒண்ணுமே இல்லீங்க. சுண்ணாம்பெல்லாம் அடிச்சாச்சுங்க. செவ்வந்தி மாலை கெடக்குது. ரெண்டு மெழுகுவர்த்தி எரியுதுங்க."

"வேற யார் கல்லறையாவது பார்த்திருப்படா."

"பேரைப் படிச்சுட்டுத்தான் பேசறனுங்க. மர்ஃபி வீட்டுக்குப் பக்கத்து வீட்டு ஆன்ட்டி ஒருத்தங்க வருசா வருசம் செய்யறாங்களாம். அமெரிக்காவுல இருந்து ஒருத்தர் லெட்டர் போடுவாராம். ஒண்ணு என் பேர்ல, இன்னொண்ணு என் தங்கச்சி பேர்லன்னு எழுதுவாராம்."

ஷட்டரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் பேரிலும் ஒன்று எரிந்துகொண்டிருந்திருக்கிறது. நான் போகவிடாத இடத்தில்.

அந்த ஆன்ட்டி கொடுத்த உறையில் நியூ ஜெர்சி விலாசம் இருந்தது. நான் கடல் தாண்டித் தேடினேன். அவன் இந்த நாட்டிலேயே பதினெட்டு வருடமாக இருந்திருக்கிறான். மேரி நம்பர் வாங்கிக் கொடுத்தாள்.

"யாரு மேன்?"

"ஆரோக்கியசாமி."

"எந்த ஆரோக்கியசாமி? அந்த ஃபிட்டரா?"

கார்டில் புரொப்ரைட்டர் என்று அச்சடித்து வைத்திருக்கிறவன் நான். "ஆமா. அந்த ஃபிட்டர்தான்" என்றேன்.

"ரோஸி இருக்காளா?"

"இருக்கா. உங்களைத்தான் கேக்கறா."

"அப்புறம் ஏன் மேன் பேசிட்டு இருக்கே? போனை வை. டிக்கெட் எடுக்கணும்."

மூன்றாம் நாள் வந்தான். கோலூன்றி, கூன் விழுந்து வந்தான். ரோஸி அவனை ஏற இறங்கப் பார்த்தாள். இடது கையால் அவன் காதைப் பிடித்துத் திருகினாள். "கிழவா" என்றாள். பிறகு, "மம்மி?" என்று கேட்டாள். ஒவ்வொரு வருடமும் உன் மெழுகுவர்த்தியைத்தான் முதலில் ஏற்றச் சொல்வேன் என்றான். அன்றைக்கு ஒரு தட்டு சோறு முழுவதும் சாப்பிட்டாள்.

எழுந்து நடந்தாள் என்று சொல்லமாட்டேன். பொய்ச் சாட்சி எனக்கு வேண்டாம். பதினோரு மாதம் இருந்தாள். அண்ணன் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். நிம்மதியாகப் போனாள்.

இது 2001. எனக்கு ரொம்பக் களைப்பாக இருக்கிறது. டெரன்ஸ் என்னோடுதான் இருக்கிறான், காப்பியில் குறை சொல்லிக்கொண்டு. போத்தனூரில் இப்போது மூன்று மெழுகுவர்த்தி எரிகிறது, மூன்றாவது என் பேரில். ரோஸியுடையதை நாங்கள் நிறுத்தவில்லை.

கேட்கிறவர்களுக்குக் கொடுக்கிற ஆண்டவர் எனக்கும் கொடுத்தார். என் பலம் தீர்ந்த பிறகு கொடுத்தார். உங்களுக்கும் நீங்கள் போக மறுத்த ஒரு வாசல், ஒரு கல்லறை இருக்கும். என்னைப் போல முப்பது வருடம் காத்திருக்காதீர்கள். அவரை நம்பி, இந்த நவம்பரில் அங்கே ஒரு மெழுகுவர்த்தி ஏற்றச் சொல்லுங்கள்.