போட்டி முடிந்தால் லீவு

பட்டாளத்தில் விளையாட்டுக்காரர்களை நன்றாக வைத்துக்கொள்வார்களாமே என்று போடியில் யாராவது கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆமாம், நன்றாகத்தான் வைத்துக்கொள்வார்கள். கூடுதலாக முட்டை, பால், வாழைப்பழம் எல்லாம் உண்டு. இரவுக் காவல் கிடையாது, சமையல்கூட வேலை கிடையாது. வைத்துக்கொண்டே இருப்பார்கள், விடத்தான் மாட்டார்கள். இப்படிச் சொன்னால் கேட்டவர் சிரித்துவிட்டு டீயைக் குடிப்பார்.

நான் ஓடப் பழகியது முந்தலிலிருந்து போடிமெட்டுக்கு ஏறும் மலைச்சாலையில். ராணுவ ஆளெடுப்புக்குத் தயாராகிக்கொண்டிருந்தேன். அப்பா இல்லை. அம்மா ஏலக்காய்த் தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போய் எங்களை வளர்த்தாள். கூலி ஆட்களை ஏற்றும் ஜீப்பு விடிவதற்கு முன்பே தெருமுனைக்கு வந்து ஹாரன் அடிக்கும். அவள் தூக்குவாளியோடு ஏறுவாள். அதற்கும் முன்பே கிளம்பிய நான் மேலே ஏதாவது ஒரு கொண்டை ஊசி வளைவில் மூச்சு வாங்க ஓடிக்கொண்டிருப்பேன். பிதுங்கப் பிதுங்க ஆட்களை அடைத்துக்கொண்டு ஜீப்பு என்னைத் தாண்டும்போது, பின்பக்கம் உட்கார்ந்திருக்கும் அம்மா தகரத்தில் படபடவென்று தட்டுவாள். “வெரசா ஓடுய்யா, வெரசா!” கூட இருக்கும் பெண்களும் சேர்ந்து கத்துவார்கள். எனக்கு மானம் போகும். அந்த வெட்கத்திலேயே இன்னும் வேகமாக ஓடுவேன்.

பட்டாளத்தில் உடற்பயிற்சி ஆசிரியரை உஸ்தாத் என்று கூப்பிட வேண்டும். எங்கள் உஸ்தாத் வடக்கத்தி ஹவில்தார், வாய் கொஞ்சம் நீளம். கயிறு ஏறுவதில் நான் சுமார்தான். பள்ளம் தாண்டுவதில் ஒருமுறை உள்ளேயே விழுந்திருக்கிறேன். ஆனால் நீண்ட ஓட்டத்தில் எனக்குப் பக்கத்தில் யாரும் வந்ததில்லை. சமதரையில் வளர்ந்தவர்களுக்கு இது புரியாது. மலையில் ஓடிய காலுக்கு வயல்வரப்பும் வாய்க்கால் கரையும் ஒரு பொருட்டே இல்லை. உஸ்தாத் என்னைப் பட்டாலியன் அணியில் சேர்த்தார். அணியில் சின்னமனூர்க்காரன் ஒருவனும் இருந்தான். ஊர்ப்பக்கத்துக்காரன் என்பதால் முதல் நாளிலிருந்தே மாப்ளே, மாப்ளே என்று ஒட்டிக்கொண்டான்.

அம்மாவுக்கு வயிற்றில் கட்டி என்று தெரிந்தபோது அந்த வருஷத்து லீவு எல்லாவற்றையும் ஆஸ்பத்திரிக்கு அலைவதிலேயே தீர்த்துவிட்டேன். நான் திரும்பிப் போன கொஞ்ச நாளில், இனி வைத்தியம் வேண்டாம், வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். சிலமலையில் வாக்கப்பட்டிருந்த அக்கா அவளைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போனாள். “தம்பி, ரொம்ப நாள் தாங்காது. எப்படியாவது வந்து ஒருக்கா பாத்துட்டுப் போ,” என்றாள் போனில்.

கம்பெனி அதிகாரியிடம் போய் நின்றேன். என்னைவிடச் சின்ன வயது. கெட்டவர் என்று சொல்ல மாட்டேன், கெட்டவராக இருந்திருந்தால் திட்டித் தீர்த்திருப்பேன். எனக்கு லீவு பாக்கி இல்லை என்பதை எடுத்துக் காட்டினார். பிறகு, “ஓட்டப் போட்டி வருகிறதே, அது முடியட்டும். முடிந்த அன்றே அனுப்புகிறேன்,” என்றார்.

நான் நம்பினேன். ஜெயித்துவிட்டுப் போய்க் கேட்டால் மறுக்க வாய் வராது என்று கணக்குப் போட்டேன். பட்டாலியன்களுக்குள் நடந்த அந்தப் போட்டியில் முந்தல் சாலையில் ஓடியதுபோல ஓடி முதலாவதாக வந்தேன். சின்னமனூர்க்காரன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கடைசிக் கூட்டத்தோடு வந்து சேர்ந்தான். பதக்கத்தைக் கழுத்தில் போட்டு ஒரு போட்டோ எடுத்தார்கள். அதை அக்காவின் போனுக்கு அனுப்பிவிட்டுப் பையைக் கட்ட ஆரம்பித்தேன்.

சாயங்காலம் லீவில் போகிறவர்களைக் கூப்பிட்டார்கள். பின்தங்கி வந்தவர்கள் எல்லாருக்கும் லீவு, சின்னமனூர்க்காரனுக்கும் லீவு. என் பெயர் வரவில்லை. அதிகாரியிடம் ஓடினேன். அவர் என் தோளில் கைபோட்டு, “அவர்களுக்குப் போட்டி முடிந்துவிட்டது. நீ ஜெயித்துவிட்டாயே, உனக்கு எங்கே முடிந்தது? அடுத்த கட்டம் இருக்கிறது. அதையும் முடித்துவிட்டுப் போ,” என்றார். பாராட்டுகிற குரலில்தான் சொன்னார். அந்தக் கையைத் தட்டிவிடத் தோன்றியது. சல்யூட் அடித்துவிட்டு வந்தேன்.

சின்னமனூர்க்காரன் ஊருக்குப் போன மறுநாளே சிலமலைக்குப் போயிருக்கிறான். அங்கிருந்து வீடியோ காலில் கூப்பிட்டான். அம்மாவின் முகம் சிறுத்துப்போய், கண்ணும் மூக்குமாகத் தெரிந்தது. பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தான். எனக்கு அவன்மேல் நன்றி வரவில்லை, பொறாமைதான் வந்தது.

“இந்தத் தம்பியும் ஒங்கூட ஓடுற பிள்ளதானாம்ல?” என்றாள்.

“ஆமாம்மா.”

“நீதான் ஜெயிச்சியாம்.”

“ஆமா.”

“அப்ப இவன் தோத்துட்டானா?”

“தோத்துட்டேன் ஆத்தா,” என்று அவனே சிரித்துக்கொண்டு சொன்னான்.

அவள் போனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, “தோத்தவுகளத்தான் வீட்டுக்கு விடுறாகளாக்கும்? அப்ப நீயும் ஒரு தடவ தோத்துட்டு வாய்யா,” என்றாள்.

என்னை ஜீப்புத் தகரத்தில் தட்டித் தட்டி ஓடவைத்தவள் அவள். அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். அடுத்த போட்டியில் தோற்க வேண்டும். தோற்றால் போட்டி முடிந்துவிடும். முடிந்தால் லீவு. அதிகாரி சொன்ன கணக்குதானே.

போட்டிக்கு முந்தின நாள் எங்கள் போன்களை வாங்கிப் பூட்டிவைத்தார்கள். அது வழக்கம்தான். ஓடுகிறவன் தூங்க வேண்டுமாம். காலையில் உஸ்தாத் தன் டம்ளரிலிருந்த டீயை எனக்கு ஊற்றிக் கொடுத்தார். என் முகத்தைப் பார்க்காமல் கொடுத்தார். நான் தோற்கப்போவது தெரிந்துவிட்டதோ என்று பயந்தேன்.

மெதுவாக ஓடுவது எனக்குக் கைவராத வித்தை. காலைப் பிடித்துப் பிடித்து வைத்ததில் கெண்டைச் சதை வலித்தது. முதலில் இரண்டு பேரை விட்டேன், பிறகு ஒரு கூட்டத்தையே விட்டேன். என்னைத் தாண்டிப் போன ஒருவன் நம்ப முடியாமல் திரும்பிப் பார்த்தான். எனக்குச் சிரிப்பு வந்தது. அம்மா, நன்றாகப் பார்த்துக்கொள், உன் மகன் தோற்கிறான் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். வழக்கமாக ஓரத்தில் நின்று கெட்ட வார்த்தையில் விரட்டும் உஸ்தாத் அன்று வாயே திறக்கவில்லை. கடைசிக் கூட்டத்தோடு கோட்டைத் தொட்டேன். என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் எந்தப் போட்டியையும் முடித்ததில்லை.

உடனே ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். திட்டு விழும் என்று தயாராகப் போனேன். அதிகாரி எழுந்து நின்றார். மேசையில் லீவுப் பாஸ் தயாராக இருந்தது. “உன் அக்கா நேற்று சாயங்காலம் ஆபீசுக்குப் போன் செய்தார். உன் அம்மா...” என்று ஆரம்பித்து, “ஓட்டத்துக்கு முன்னால் சொல்ல வேண்டாம் என்று நினைத்தோம்,” என்றார்.

நான் ஜெயிக்க வேண்டும் என்று அவர்கள் அம்மாவின் சாவை மறைத்திருக்கிறார்கள். நானோ அவளைப் பார்க்கத் தோற்றுக்கொண்டிருந்தேன். அப்போது அவள் செத்து ஓர் இரவு கழிந்திருந்தது. இத்தனை வருஷமாகியும் அந்த அதிகாரியை என்னால் மன்னிக்க முடியவில்லை, மன்னிக்கும் உத்தேசமும் இல்லை. உஸ்தாத் ஸ்டேஷன் வரை வந்து ரயிலேற்றிவிட்டார். அவரிடம் ஒரு வார்த்தைகூடப் பேசாமல் ஜன்னலைச் சாத்திவிட்டேன்.

வடக்கிலிருந்து வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. என் இடத்தில் பெரியப்பா மகன் கொள்ளி வைத்திருந்தார். சிலமலையில் பஸ்சை விட்டு இறங்கியதும் எதிரே கண்ணீர் அஞ்சலி பிளக்ஸ் நின்றது. நடுவில் அம்மா. கீழே வரிசையாகச் சொந்தக்காரர்கள், அதில் முதல் படம் என்னுடையது. ஓட்டப்பந்தய பனியன், கழுத்தில் பதக்கம், வாயெல்லாம் பல். அக்காவின் போனில் கிடைத்த கடைசிப் போட்டோ அதுதான் என்று மச்சான் கொடுத்துவிட்டாராம். அம்மா செத்ததற்குச் சிரித்துக்கொண்டு நின்றேன். கல்லை எடுத்து எறிய வேண்டும் போலிருந்தது.

அன்று மாலை, தோட்டத்து வேலை முடிந்து இறங்கிய ஜீப்பு அக்கா வீட்டு வாசலில் நின்றது. அம்மாவோடு காய் எடுத்த பெண்கள் துக்கம் கேட்க வந்திருந்தார்கள். கையில் ஏலக்காய்க் கறையும் மண்ணுமாக ஓர் அத்தை என் தாடையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அம்மாவுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து, அவளோடு சேர்ந்து தகரத்தைத் தட்டியவள்.

“ஓட்டம் இருக்குன்னுதான ஒன்னைய விடலன்னாக. ஜெயிச்சியாய்யா?”

“இல்லத்தே. தோத்துட்டுத்தான் வந்தேன்.”

நான் உடைந்து அழுவதைப் பார்த்து அவள் ஓட்டத்துக்காக அழுகிறேன் என்று நினைத்துவிட்டாள். முந்தானையால் என் முகத்தைத் துடைத்தாள்.

“போகுது, விடுய்யா. அடுத்த வாட்டி வெரசா ஓடு.”