பிஸ்கட் டின்னுக்குள் என் போன்

அன்பான சகோதர சகோதரிகளே, என் வேன் ரோட்டோர லோங்காங் வாய்க்காலில் சாய்ந்த அந்தக் காலையில் என் ஒரு கைதான் ஸ்டியரிங்கில் இருந்தது. மறு கையில் போன். இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனால் இதை மறைத்துவிட்டு ஆண்டவர் செய்ததை மட்டும் சொன்னால் அது பாதிச் சாட்சி. பாதிச் சாட்சி சொன்னவன் பட்ட பாட்டைத்தான் சொல்லப் போகிறேன்.

எங்கள் பெம்பான் ஊரைச் சுற்றியுள்ள எஸ்டேட்டுகளிலிருந்து தினமும் பதினொரு பெண்களை ஏற்றிக்கொண்டு போய் ஃபேக்டரியில் இறக்குவது என் வேலை. வேன் கண்ணாடியில் ‘இயேசு காக்கிறார்’ என்று பெரிய ஸ்டிக்கர். நம் சபையின் வாட்ஸ்அப் குழுவில் தினம் காலையில் வசனம் போடும் பொறுப்பை நானே கேட்டு வாங்கினேன். ஒரு குழு ஆறு குழுவானது. போடுவதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. யார் யார் ‘ஆமென்’ போட்டார்கள் என்று பார்க்காவிட்டால் எனக்கு இருப்புக் கொள்ளாது. போன் சத்தம் கேட்டால் வேன் ஓடிக்கொண்டிருக்கும்போதே கண் அங்கே போய்விடும்.

என் மனைவி சொல்லிப் பார்த்தாள். வேனில் வரும் பெண்களும் சொன்னார்கள். ஆண்டவருடைய வேலைதானே என்று எல்லோர் வாயையும் அடைத்தேன். உள்ளுக்குள் எனக்கும் தெரியும். “இந்தப் பழக்கத்தை என்னைவிட்டு எடுத்துப் போடும்” என்று ஜெபிப்பேன். ஜெபித்துவிட்டுப் போனைப் பழையபடி கைக்கு எட்டும் இடத்திலேயே வைப்பேன்.

போன வருஷம் தீபாவளிக்கு இரண்டு வாரம் முன்பு, ஒரு திங்கட்கிழமை. ரோடு மழையில் நனைந்து கிடந்தது. ஒரு வளைவில், பதிமூன்றாவது ஆமென் யாருடையது என்று பார்த்தேன். நிமிர்ந்தால் எதிரே லாரி. ஸ்டியரிங்கை ஒடித்தேன். வேன் ரோட்டை விட்டு இறங்கி லோங்காங்கில் சாய்ந்தது.

சிலருக்குக் கீறல்தான். ஆனால் நடு சீட்டில் தேவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு ஆறு மாதம். கல்யாணமாகி எட்டு வருஷம் கழித்து வந்த பிள்ளை.

குழந்தையின் இதயத் துடிப்பு சரியில்லை, இரண்டு நாள் பார்த்துத்தான் சொல்ல முடியும் என்றார் டாக்டர். ஆஸ்பத்திரிக் கார் நிறுத்துமிடத்தில் நின்று அழுதேன். சின்னப் பிள்ளை மாதிரி அழுதேன். “ஆண்டவரே, இந்தப் பிள்ளையைக் காப்பாற்றும். நடந்ததை நடந்தபடியே எல்லோரிடமும் சொல்கிறேன்” என்று பொருத்தனை செய்தேன். புதன்கிழமை மத்தியானம் துடிப்பு சீரானது. அந்த நிமிஷம் எனக்கு வந்த சந்தோஷத்தை இன்றைக்கும் எழுதத் தெரியவில்லை.

ஆபத்து போனதும் என் பொருத்தனையும் போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை சபையில் எழுந்து நின்றேன். ஒரு நாய் குறுக்கே ஓடி வந்தது, அது சத்துருவின் சூழ்ச்சி, ஆண்டவர் எங்களைத் தூக்கி எடுத்தார் என்றேன். போலீசிலும் முதலாளியிடமும் சொன்ன அதே கதைதான். கைதட்டல், அல்லேலூயா. யாரோ வீடியோ எடுத்து எல்லாக் குழுக்களிலும் போட்டார்கள். ஆமென்கள் குவிந்தன.

அந்த வீடியோ லெட்சுமி அக்காவுக்கும் போயிருக்கிறது. தினமும் என் வேனில் முன் சீட்டில் உட்காருகிறவர் அவர். மாரியம்மன் கோயிலுக்குப் போகிறவர், எனக்கு மூத்தவர். மறுநாள் காலை வேனில் ஏறி, கதவைச் சாத்திவிட்டு மெதுவாகக் கேட்டார்.

“தம்பி, வீடியோ பாத்தேன். நல்லாத்தான் பேசுனீங்க. நான் முன்னாலதானே இருந்தேன் லா. அந்த நாய மட்டும் நான் பாக்கல.”

நான் சாவியைத் திருகி வண்டியைக் கிளப்பப் பார்த்தேன்.

“உங்க சாமி புள்ளய காப்பாத்துனாரு, சரி. போன கீழ வைக்கிறதுக்கும் அவரேதான் வரணுமா?”

எத்தனையோ பிரசங்கம் கேட்டவன் நான். ஒன்றும் இப்படிக் குத்தியதில்லை. குடிகாரனைப் பார்த்தால் ‘இவன் எப்போது திருந்துவான்’ என்று முணுமுணுப்பேன். உபதேசமெல்லாம் ஊருக்குத்தான். என் கை செய்ய வேண்டிய வேலையை ஆண்டவர் தலையில் கட்டிவிட்டு, என் கை செய்த குற்றத்தை ஒரு நாயின் தலையில் கட்டியிருந்தேன்.

அடுத்த ஞாயிறு மறுபடியும் எழுந்து நின்று உண்மையைச் சொன்னேன். யாரும் ஆமென் சொல்லவில்லை. எனக்கும் அது வேண்டியிருக்கவில்லை. போலீஸ் ஸ்டேஷனில் ரிப்போர்ட்டை மாற்றிக் கொடுத்தேன். சம்மன் வந்தது. முதலாளி ஒரு மாதம் வேன் சாவியை வாங்கிக்கொண்டார். தேவி வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். தேவியின் கணவர் முகம் கொடுத்துப் பேசவில்லை. நியாயம்தான்.

என்னைத் திரும்பக் கூப்பிடச் சொல்லி முதலாளியிடம் பேசியது யார் தெரியுமா? லெட்சுமி அக்கா. வண்டி கிளம்புமுன் போனை அவருடைய பிஸ்கட் டின்னில் போட வேண்டும், டின் அவர் மடியில் இருக்கும் என்று நிபந்தனை. சந்தோஷமாகச் சம்மதித்தேன். வசனம் போடும் பொறுப்பை வேறொரு சகோதரியிடம் ஒப்படைத்தேன்.

சுலபமாக இருந்தது என்று நினைக்காதீர்கள். டின்னுக்குள் போன் கிணுகிணுக்கும், என் கை தானாக நீளும். “ஆண்டவரே, பெலன் தாரும்” என்பேன். அவர் பெலன் தந்தார். கையைத் திருப்பி ஸ்டியரிங்கில் வைத்தது நான். சில நாள் இருபது தடவை. பிறகு ஐந்து. இப்போது சத்தம் கேட்பதே இல்லை. ஜெயம் கிடைத்தது, சகோதரர்களே!

தேவிக்கு நல்லபடியாகப் பெண் குழந்தை பிறந்தது. இரண்டு மாதம் கழித்து, ஊசி போடக் கிளினிக்குக்கு வண்டி வேண்டும் என்று அவள் கணவரே போன் செய்தார். வீட்டு வாசலில் குழந்தையோடு நின்ற தேவி உடனே ஏறவில்லை.

“டின் எங்கண்ணே?” என்றாள்.

லெட்சுமி அக்கா கொடுத்துவிட்டிருந்த டின்னை எடுத்துக் காட்டினேன். போன் உள்ளேதான் இருந்தது. எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். பின்சீட்டெல்லாம் காலியாக இருக்க, பிள்ளையோடு முன்னாலேயே ஏறி உட்கார்ந்தாள். வழியெல்லாம் அந்தப் பிஞ்சு தூங்கியது. நான் ரோட்டைப் பார்த்தபடியே ஆண்டவருக்கு நன்றி சொல்லிக்கொண்டு ஓட்டினேன்.

அன்பானவர்களே, உங்களுக்கும் கையை விடாத ஒன்று இருக்கும். அதை எடுத்துப் போடச் சொல்லி ஜெபியுங்கள். ஜெபித்து முடித்ததும் கையைத் திறந்து அதைக் கீழே வையுங்கள். ஆண்டவர் நிச்சயம் உதவுவார், நான் கண்டேன்.

இதற்கு ஆமென் போடுகிறவர்கள் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுப் போடுங்கள்.