எவரையும் என்ற இடத்தில் ஒரு பெயர்

2009 செப்டம்பர் 14, திங்கட்கிழமை, பிற்பகல் மூன்று மணி. சிதம்பரத்திலுள்ள என் விடுதிக்குத் திரும்பும் வழியில், கடலூர் நீதிமன்றத்துக்கு எதிரிலிருந்த தட்டச்சுக் கடையில் காத்திருந்தேன். இங்கிலாந்து, பிரான்ஸ், இந்தியா ஆகிய நாடுகளின் உரிமைச் சாசனங்களை ஒப்பிட்டு ஒரு போட்டிக்காக நான் எழுதிய கட்டுரை தட்டச்சாகிக்கொண்டிருந்தது. அருகில், மனு அடிக்கக் கொடுத்திருந்த குமராட்சி ஊர்க்கார அம்மாள் ஒருவர்.

“எம்புள்ள செல்வராசுவ போலீசு அழைச்சிட்டுப் போயி நாலு நாளாவுது. எங்க வச்சிருக்காங்கன்னே சொல்ல மாட்றாங்க. நீ வக்கீலுக்குப் படிக்கிறியாம்மா?”

“இல்லைங்க, இலக்கியம்” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

பேருந்தில் தாள்களைப் புரட்டினேன். ‘எவரையும் சட்டப்படியன்றிச் சிறைப்பிடிக்கலாகாது’ என்று நான் எழுதிய இடங்களிலெல்லாம் ‘எவரையும்’ என்பதற்குப் பதில் ‘செல்வராசுவை’ என்றிருந்தது. ஏறத்தாழ எண்ணூறு ஆண்டுப் பழைய ஆங்கிலச் சாசனத்திலும் அவன் பெயர். பிரெஞ்சுப் பிரகடனத்திலும் அவன் பெயர். எல்லா நூற்றாண்டுகளிலும் யாரோ அவனைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

விடுதியிலிருந்து கடைக்குத் தொலைபேசினேன்.

“ரெண்டு பேப்பரையும் பக்கத்துல வச்சி அடிச்சேன், கண்ணு மாறிடுச்சும்மா” என்றார் தட்டச்சு அக்கா.

“அப்போ அவுங்க மனு?”

“எடுத்துட்டுப் பூட்டாங்களே! காலைல கோர்ட்டுல குடுக்கப் போறாங்க. படிக்கத் தெரியாதே அவுங்களுக்கு.”

காலை பத்து மணிக்குள் நான் கட்டுரையை ஒப்படைத்தாக வேண்டும். என் தாள்களைத் திருத்தினால் போதும் என்றே முதலில் நினைத்தேன். அந்த நினைப்புக்கு இன்றும் வெட்கப்படுகிறேன்.

மறுநாள் முதல் பேருந்தில் கடலூர் சென்று, நீதிமன்ற வாசலில் நின்ற அம்மாளிடம் மனுவை வாங்கிப் பார்த்தேன். ‘எவரையும் நான்கு நாட்களாகக் காணவில்லை’ என்றிருந்தது. முதல் சொல்லை அடித்துவிட்டு, அவன் பெயரை என் கையால் எழுதினேன்.