லெஃப்ட்டா என்று சேவியர் கேட்டான்

சேவியர் இறந்துவிட்டான்.

காலையில் காலேஜ் செட் வாட்ஸ்அப் குரூப்பில் "சேவியர் போயிட்டான்" என்று மட்டும் வந்தது. நான் பாட்டுக்கு "எங்கே, மறுபடியும் மகள் வீட்டுக்கா?" என்று கேட்டு, சிரிக்கிற பொம்மை வேறு போட்டுத் தொலைத்தேன்.

பத்து நிமிடம் கழித்துத்தான் புரிந்தது. அழித்துவிட்டேன்... ஆனால் எல்லோரும் பார்த்திருப்பார்கள். ஒரு வார்த்தையில் சொதப்புவது எனக்குப் புதிதில்லை.

எண்பதுகளின் தொடக்கம். துவாக்குடியில் இன்ஜினியரிங் மூன்றாம் வருடம். பைக் பைத்தியம் பிடித்தவர்கள் சேர்ந்து மோட்டார் கிளப் என்று ஒன்று வைத்திருந்தோம். கிளப்புக்கு இருந்த சொத்து ஒரு ஸ்பானர் செட்டும் ஒரு ஸ்டாப்வாட்சும்.

சேவியர் பாலக்கரைக்காரன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அண்ணனுடைய பைக்கைக் கிளப்பிக்கொண்டு அரியமங்கலம் பட்டறைக்கு வந்துவிடுவான். ஒருமுறை கார்புரேட்டரைப் பிரித்து மாட்டிய பிறகு கையில் ஒரு ஸ்க்ரூ மிச்சம். "இது கம்பெனிக்காரன் எக்ஸ்ட்ராவா குடுத்ததுடா" என்றான். வண்டி என்னவோ ஓடியது.

அந்த வருடம் கிளப்பில் ஒரு ராலி. வேகமாகப் போவதல்ல போட்டி, ஒவ்வொரு செக்பாயின்டுக்கும் சொன்ன நிமிடத்தில் போய்ச் சேர வேண்டும். ஓட்டுவது சேவியர். பின்னால் நான், கையில் ஸ்டாப்வாட்ச், வழி எழுதிய தாள். எங்கே போகிறோம் என்பது அந்தத் தாளைப் பார்க்கிறவனுக்கு மட்டும்தான் தெரியும்.

மெட்ராஸில் நடக்கிற பெரிய ராலிக்கு இதைப் பார்த்துத்தான் ஆள் எடுப்போம் என்று சீனியர்கள் சொல்லியிருந்தார்கள். ஒரு மாதமாக சேவியர் வாயில் வேறு பேச்சே இல்லை.

சத்திரம் பஸ் ஸ்டாண்ட் வரை ஒரு நொடி பிசகவில்லை. காவிரிப் பாலம் இறங்கியதும் லெஃப்டில் போனால் ஸ்ரீரங்கம், ரைட்டில் போனால் திருவானைக்காவல். நான் குனிந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

"லெஃப்ட்டாடா?" என்று கத்தினான். தாளிலும் லெஃப்ட்தான். சரி என்கிற அர்த்தத்தில் "ரைட்" என்றேன்...

அவன் ரைட்டில் திரும்பிவிட்டான்.

நான் தலை நிமிர்ந்தபோது கல்லணை ரோட்டில், வாழைத்தோப்புகளுக்கு நடுவில் போய்க்கொண்டிருந்தோம். இத்தனைக்கும் நான் ஸ்ரீரங்கத்துக்காரன். சொந்த வீட்டுக்கே தப்பாக வழி சொன்னவன்.

ராஜகோபுரம் அப்போது மொட்டைக் கோபுரம்தான். அதன் அடியில்தான் செக்பாயின்ட். நாங்கள் தாமதமாகத் திரும்பி வந்து சேர்ந்தபோது சீனியர்கள் கடுப்பில் நின்றிருந்தார்கள். "எவன்டா தப்பு பண்ணது?"

நான் வாயைத் திறப்பதற்குள் சேவியர், "இவனைக் கேக்காமலே திரும்பிட்டேண்ணே, என் தப்புதான்" என்றான். நான் திறந்த வாயை மூடிக்கொண்டேன்.

நேவிகேட்டரைக் கேட்காமல் ஓட்டுகிறவன் வேண்டாம் என்று அவனைக் கழற்றிவிட்டார்கள். என்னை இன்னொருவன் பின்னால் உட்காரவைத்து மெட்ராஸுக்கு அனுப்பினார்கள். ஜங்ஷனில் ரயில் ஏற்றிவிட சேவியரே வந்தான்.

ஏன் அப்படிச் சொன்னான்? என்னைக் காப்பாற்றவா? இல்லை, கேட்டதே அவனுக்கு நிஜமாக மறந்துபோயிற்றா? இன்று வரை எனக்குப் பிடிபடவில்லை.

சில வருடங்களுக்கு முன் ரீயூனியனில் ஆரம்பித்தேன். "சேவியர், அன்னிக்குப் பாலத்துக்கிட்ட நீ..."

"ரைட்டு, விடுடா" என்று சொல்லிவிட்டு ஐஸ்கிரீம் பக்கம் போய்விட்டான். போனது போகட்டும் என்றானா, அந்த ரைட்டைத்தான் குத்திக்காட்டினானா... அதுவும் தெரியவில்லை. சிரித்துக்கொண்டே போனான், அது ஞாபகம் இருக்கிறது.

நம்ம செட் ஆட்களே, சேவியர் கேட்டான். கேட்டுவிட்டுத்தான் திரும்பினான். தப்பு என்னுடையது. அவன் இருக்கும்போதே இதைச் சொல்லியிருக்க வேண்டும். வெட்கமாக இருக்கிறது.

நாளை பாலக்கரையில் அடக்கம். நான் அதே பாலம் தாண்டித்தான் வர வேண்டும்.

போயிட்டு வாடா சேவியர். எந்தப் பக்கம் திரும்புவது என்று மட்டும் என்னைக் கேட்காதே.